விருந்துக்கு அழைப்பதும் சுவிசேஷம் சொல்வதும்: எங்கள் சபையில் நடந்தது, உங்கள் கருத்து வேண்டும்

கதவருகே:

எங்கள் சபையில் ஆறு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் பொதுச் சாப்பாடு நடக்கிறது. படிக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், நாடு விட்டு நாடு வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். பாதிக்கு மேல் வேறு மதத்தவர்கள், சிலர் எந்த மதமும் இல்லாதவர்கள். வாசலில் நின்று வரவேற்பது என் வேலை.

போன வருடம் நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர், இத்தனை வருடத்தில் இதன் மூலம் எத்தனை பேர் விசுவாசத்துக்குள் வந்தார்கள் என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகு பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்லி வாசலில் ஒரு நோட்டு வைத்தார்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று என்னிடம் சொன்னார்கள், நானும் அப்படியே வருகிறவர்களிடம் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நம்பர்களை வைத்து ஒரு குழு வாராவாரம் போன் செய்து ஜெபக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறது.

இரண்டு வருடமாக மனைவியோடும் குழந்தையோடும் வந்துகொண்டிருந்த ஒருவர் ஒரு சனிக்கிழமை தனியாக வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, "எங்களைக் கூப்பிட்டது சாப்பிடவா, கணக்கில் சேர்க்கவா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அமைதியாகக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் போனவர் திரும்ப வரவே இல்லை.

நான் விசுவாசி. இயேசுவை மற்றவர்கள் அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் அந்த ஆசையோடு ஒருவரை உட்கார வைத்துப் பரிமாறினால் அது விருந்தா, தூண்டிலா? பல நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி இது. எல்லா மதத்தவரும் இங்கே இருப்பதால்தான் கேட்கிறேன். கிறிஸ்தவர்கள் மட்டும் பேசினால் எனக்குப் போதாது.

மலைமேல் விளக்கு:

முதலில், அந்த நோட்டு விஷயம் தவறு. ஒரு காரணம் சொல்லி வாங்கிய நம்பரை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது பொய். பொய்யை வைத்து சுவிசேஷம் சொல்ல முடியாது.

ஆனால் இதைக் காரணம் காட்டி, இனிமேல் சாப்பாடு மட்டும் போடுவோம், இயேசுவின் பெயரை எடுக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் சரியில்லை சகோ. மத்தேயு 28-ல் இயேசு சகல ஜாதிகளையும், அதாவது எல்லா மக்களையும், சீஷராக்குங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார், நேரம் கிடைத்தால் பாருங்கள் என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையைக் காப்பாற்றியது எதுவோ அதை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் சொல்லாமல் இருப்பது அன்பாகுமா? தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தும், தாகமாக இருப்பவர் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று பேசாமல் இருப்பது மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கை கேட்டவரின் முறை தவறாக இருக்கலாம், மற்றவர்களும் இயேசுவை அறிய வேண்டும் என்ற அவருடைய பாரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

வெளியில் நிற்பவன்:

நான் கிறிஸ்தவன் இல்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அம்மா நாலு மாதம் மருத்துவமனையில் இருந்தார். அப்போது ஒரு குழுவினர் வாரம் இரண்டு முறை வருவார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், தலை வாரி விடுவார்கள், நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை கூடவே இருப்பார்கள். ஜெபம் செய்யலாமா என்று கேட்டார்கள். அம்மா சரி என்றார், எனக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. எங்களுக்காக ஒருவர் கடவுளிடம் கேட்கிறார், அதில் என்ன கோபப்பட? மூன்றாவது மாதம் அவர்களில் ஒரு பெண்மணி, நீங்கள் எங்கள் ஐக்கியத்தில் சேர விருப்பமா என்று வெளிப்படையாகக் கேட்டார். எங்களுக்கு எங்கள் நம்பிக்கை இருக்கிறது, உங்கள் அன்புக்கு நன்றி என்று அம்மாதான் பதில் சொன்னார்.

அடுத்த வாரம் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அம்மா இறப்பதற்கு முன் ஒரு மாதம், "அந்தப் பிள்ளை வரலையா, உடம்பு சரியில்லையோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் என் அம்மா கவலைப்பட்டார், புரிகிறதா.

மலைமேல் விளக்கு சகோ, சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, வேண்டாம் என்றதும் நின்றுபோனார்களே, அதுதான் வருத்தம். அந்த நாளுக்குப் பிறகு, முதல் இரண்டு மாதம் அவர்கள் செய்தது எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. தலை வாரி விட்டதுகூட.

கதவருகே:

இதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் இல்லைதான், இருந்தாலும் கேட்கிறேன்.

பழைய ஏடு:

இந்த இழையில் எல்லோரும் ஒரு விஷயத்தைப் பேசாமலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம். கிறிஸ்தவர் என்றால் விருந்து கொடுப்பவர், மற்றவர் என்றால் வந்து சாப்பிடுகிறவர். இது எங்கிருந்து வந்தது? சுவிசேஷத்தில் அப்படி இல்லையே.

லூக்கா 10-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசு எழுபது பேரை அனுப்புகிறார். (சில பழைய பிரதிகளில் எழுபத்திரண்டு.) பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், செருப்பும் வேண்டாம். எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அங்கே தங்கு, முன்னால் வைப்பதைச் சாப்பிடு, வீடு வீடாக மாறிக்கொண்டிருக்காதே. அதாவது முதல் ஊழியக்காரர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் போய் இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றவர்கள். அடுத்தவர் கதவைத் திறந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு. இயேசுவே தன் ஊழிய காலம் முழுக்கப் பெரும்பாலும் விருந்தாளிதான். வரி வசூலித்த சகேயுவிடம், நான் உனக்குச் சாப்பாடு போடுகிறேன் வா என்று சொல்லவில்லை, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்டார், தருவதைப் பற்றிய பேச்சு அப்புறம்தான் வந்தது.

இன்னும் ஒன்று. லூக்கா 9-ன் கடைசியில், யூதர்களோடு பகையாக இருந்த சமாரியர்களின் கிராமம் ஒன்று அவரை உள்ளே விடவில்லை. சீடர்களான யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கட்டுமா என்று கேட்கிறார்கள். அவர் அவர்களை அதட்டிவிட்டு வேறு கிராமத்துக்குப் போகிறார், அவ்வளவுதான். அடுத்த அதிகாரத்திலேயே, அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்துக் காசு கொடுத்த கதையைச் சொல்கிறார். அதில் நல்லவன் யார்? சமாரியன். கதவைச் சாத்திய மக்களில் ஒருவனையே எடுத்து, விருந்தோம்பலுக்கு உதாரணம் இவன்தான் என்று காட்டுகிறார். "வேண்டாம்" என்று சொன்னவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வெளியில் நிற்பவன் அம்மாவின் கதையில் அந்தக் குழு தவறவிட்டது இதைத்தான்.

அப்போஸ்தலர் 10-ல் பேதுரு, யூதர் அல்லாத ரோம அதிகாரி கொர்நேலியு வீட்டுக்குப் போய் வந்ததும், எருசலேமில் இருந்த யூத விசுவாசிகள் அவர்மேல் சொன்ன குற்றச்சாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்பதல்ல. விருத்தசேதனம் இல்லாதவர்களிடத்தில் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்பதுதான். அவர்களுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம், ஏனென்றால் சாப்பிட உட்கார்ந்தால் இருவரும் சமம்.

அதே நூலின் 28-ஆம் அதிகாரத்தில், பவுல் போன கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். தீவின் மக்கள் தீ மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நூலை எழுதிய லூக்கா அவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அந்நிய மொழி பேசுகிறவர்கள், நாகரிகம் இல்லாதவர்கள் என்றெல்லாம் பொருள், ஆனால் அவர்கள் காட்டிய அன்பு சாதாரணமானதல்ல என்று எழுதுகிறார். புபிலியு என்பவர் மூன்று நாள் வீட்டில் வைத்து உபசரிக்கிறார். மொத்தம் மூன்று மாதம் அங்கே இருந்தார்கள். பவுல் நோயாளிகளுக்காக ஜெபித்தார், அவர்கள் குணமானார்கள். அங்கே அவர் பிரசங்கம் செய்தார், இத்தனை பேர் விசுவாசித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மற்ற இடங்களில் இத்தனை பேர், அநேகர் விசுவாசித்தார்கள் என்று அடிக்கடி எழுதுகிற லூக்கா இங்கே சொல்லவில்லை.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோமர் 12-லும் எபிரெயர் 13-லும் வருகிற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் அந்நியர்மேல் அன்பு என்று வரும். நம்முடைய விருந்து என்ற சொல்லுக்கும் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் புதிதாகப் புனையும் செய்யுளுக்கே அந்தப் பெயர். விருந்தாளி என்றால் புதியவர். சாப்பாடு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

மலைமேல் விளக்கு:

ஐயா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். 3 யோவானில், ஊழியத்துக்குப் புறப்பட்டவர்கள் புறஜாதியாரிடம், அதாவது விசுவாசிகள் அல்லாதவர்களிடம், ஒன்றும் வாங்காமல் போனார்கள் என்று பாராட்டி எழுதியிருக்கிறது. 2 யோவானில் இந்த உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டில் ஏற்றுக்கொள்ளவே வேண்டாம் என்று இருக்கிறது. அந்த எழுபது பேரும் சும்மா சாப்பிட்டுவிட்டு வரவில்லை, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிருக்கிறது என்று சொல்லச் சொல்லித்தான் அனுப்பப்பட்டார்கள். அதே அதிகாரத்தில், ஒன்பதாம் வசனம்.

பழைய ஏடு:

ஒன்பதாம் வசனத்தை ஒத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள்: வீட்டுக்குச் சமாதானம் சொல், தங்கு, சாப்பிடு, நோயாளிகளைக் குணமாக்கு, பிறகு சொல்.

2 யோவான் சபைக்குள் ஊர் ஊராகச் சுற்றிப் போதித்தவர்களைப் பற்றியது. அன்றைக்கு வீடுதான் சபை. ஒருவரை வீட்டில் ஏற்பது என்றால் அவருக்குப் பிரசங்க மேடை கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடாதே என்று அதற்கு அர்த்தம் இல்லை. 3 யோவான் கனமான வசனம், தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். சுவிசேஷத்தைக் காசாக்கக் கூடாது என்ற அக்கறை அது. திதாகே என்று ஒரு பழைய கிறிஸ்தவ நூல், முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊருக்கு வரும் அப்போஸ்தலரை ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டாம் நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி, புறப்படும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. வேலை செய்யாமல் உட்கார்ந்து சாப்பிட நினைக்கிறவனை, கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவன் என்று அழைக்கிறது. விருந்து ஏமாற்றாக மாறிவிடக் கூடாது என்ற பயம் முதல் தலைமுறையிலிருந்தே இருந்திருக்கிறது.

பிறைக்கீற்று:

அஸ்ஸலாமு அலைக்கும். முஸ்லிமாக என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

எங்கள் வரலாற்றில் முதல் அகதிகளுக்கு இடம் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர். மக்காவில் கொடுமை தாங்க முடியாதபோது நபிகள் நாயகம் (ஸல்) தம் தோழர்களை அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) அனுப்பினார்கள். ஏறக்குறைய 615-ஆம் ஆண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மக்காவை ஆண்ட குறைஷிக் குலத்தார் பரிசுப் பொருள்களோடு ஆள் அனுப்பினார்கள். அந்த நாட்டின் நஜ்ஜாஷி மன்னர் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார். அகதிகள் சார்பில் ஜஅஃபர் (ரலி) குர்ஆனின் மர்யம் அத்தியாயத்திலிருந்து ஓதிக் காட்டினார்கள், மன்னர் அழுதார் என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. மறுநாள் குறைஷித் தூதர் வேறு வழியில் மூட்டிவிடப் பார்த்தார்: இவர்கள் ஈசாவைப் (இயேசுவைப்) பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பியிருக்கலாம். தஞ்சம் போய்விடுமே என்ற பயமும் இருந்தது. ஆனால் ஜஅஃபர் (ரலி) எங்கள் நம்பிக்கை எதுவோ அதையே சொன்னார்கள், அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், மர்யமிடம் போடப்பட்ட அவனுடைய வார்த்தை என்று. மன்னர் அவர்களை அனுப்பவில்லை. பரிசுகளைத்தான் திருப்பி அனுப்பினார்.

மதீனாவுக்கு நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவக் குழு வந்தபோது, அவர்களுக்குத் தொழுகை நேரம் வந்ததும் நபியவர்களின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தொழ விட்டார்கள் என்று நபியவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். அதே சந்திப்பில்தான் ஈசா நபியைப் பற்றிக் கடுமையான விவாதமும் நடந்தது. விவாதமும் நடந்தது, இடமும் கொடுக்கப்பட்டது.

ஆகவே கதவருகே சகோதரி, உங்கள் நம்பிக்கையை என்னிடம் சொல்லுங்கள், கேட்கிறேன். என் நம்பிக்கையும் அழைப்புப் பணி செய்யச் சொல்கிற நம்பிக்கைதான், அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரியும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சிரிப்பதைத்தான் தாங்க முடியாது. இப்ராஹீம் நபி (உங்கள் ஆபிரகாம்) வந்தவர்கள் யாரென்று தெரியாமலே விருந்து வைத்தார்கள், உங்கள் ஆதியாகமத்திலும் அது இருக்கிறது. யாரென்று தெரியாதபோது அவர்களிடமிருந்து என்ன கிடைக்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

களப்பணி:

பேரிடர் நிவாரணத்தில் பதினோரு வருடம் வேலை செய்தேன், சமய அமைப்புகளோடும் மற்றவற்றோடும். இந்த இழையில் இன்னும் யாரும் பேசாதது கொடுப்பவர் கையில் இருக்கும் பலம். சமமான இருவர் உட்கார்ந்து பேசும்போது "எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள்" என்பது வெறும் அழைப்பு. வீடு இழந்து வரிசையில் நிற்பவரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் அவர் காதில் விழுவது வேறு. நீங்கள் நிபந்தனை வைக்கவே இல்லை, ஆனால் அவர் மனதில் நிபந்தனை உருவாகிவிடும். வரவில்லை என்றால் அடுத்த முறை என் பெயரைக் கூப்பிடுவார்களா என்று யோசிப்பார்.

1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து எழுதிய நடத்தை விதிகளில் மூன்றாவது விதியே இதுதான்: உதவியை ஒரு அரசியல் அல்லது சமயக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது. அமைப்புக்குச் சமய நம்பிக்கை இருக்கலாம், ஆனால் உதவி பெறுவது அந்த நம்பிக்கையை ஏற்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. இது வெளியார் கிறிஸ்தவர்கள் மேல் திணித்தது என்று சிலர் சொல்வார்கள். 2011-ல் வத்திக்கானின் சமய உரையாடல் பேரவை, உலகத் திருச்சபைகள் மன்றம், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து பல்சமயச் சூழலில் சாட்சி பகர்வது பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டன. ஐந்து வருடம் பேசி எழுதியது. சாட்சி சொல்வது கிறிஸ்தவரின் கடமை, மகிழ்ச்சி என்றும் அதில் இருக்கிறது. மக்களின் வறுமையையும் தேவையையும் அதற்குப் பயன்படுத்திக்கொள்ள இடமே இல்லை என்றும் இருக்கிறது. மலைமேல் விளக்கு படித்துப் பார்க்கலாம், கையெழுத்துப் போட்டவர்களில் அவருடைய தரப்பும் உண்டு.

நாங்கள் நடைமுறையில் செய்தது இவ்வளவுதான். பொருள் கொடுக்கும் ஆளும் ஜெபிக்கும் ஆளும் ஒரே ஆளாக இருக்க மாட்டார். கொடுக்கும் இடத்தில் யாரும் எதுவும் பேச மாட்டோம். நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் மறைக்காமல் பதில் சொல்வோம். நிறையப் பேர் கேட்பார்கள்.

வெளியில் நிற்பவன்:

"கேட்டால் மறைக்காமல் பதில் சொல்வோம்." இது எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டாம் வாசல்:

எல்லோரும் வேறு மதத்தவரைப் பற்றிப் பேசுகிறீர்கள், மாறியவர்கள் யாரும் பேசவில்லை. நான் மாறியவள்.

நான் கிறிஸ்தவளானபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் முதலில் கேட்டது, உனக்கு என்ன கொடுத்தார்கள் என்றுதான். இன்றைக்கும் கேட்கிறார்கள். யோசித்து முடிவெடுக்கிற ஆளாக என்னை யாரும் பார்க்கவில்லை. விருந்தை வைத்து ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் பிடிபட்ட மீனாக நான்தான் அங்கே நிற்கிறேன். அதனால் சொல்கிறேன், தூண்டில் போடுகிறவர்கள் முதலில் அவமானப்படுத்துவது என்னைப் போன்றவர்களைத்தான். உண்மையாகத் தேடி வந்தவளின் முடிவும் அவர்களால் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

நான் வந்தது நாலு வருட நட்பால். அந்தத் தோழி நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள், நான் எரிச்சலோடு வாதாடிய நாள்களிலும் மறுநாள் போன் செய்தாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று நான் கேட்டபோது, அவசரப்படாதே, வீட்டில் பேசு, ஆறு மாதம் போகட்டும் என்றாள். 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனம் 18-ஆவது பிரிவில் மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் இருக்கிறது. அந்தச் சுதந்திரம் எனக்குப் பெரிது. என் அம்மாவுக்கும் அதே பிரிவில் மாறாமல் இருக்கும் சுதந்திரம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சபைக்காரர்களுக்கு. நான் வெளியாளாக வந்த நாள்களில் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு, ஒரே மாதத்தில், யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. நாற்காலி அடுக்கும் பட்டியலில் என் பெயர் வந்தது. வீட்டில் பேச்சு நின்றுபோய்த் தனியாக இருந்த காலம் அது, பண்டிகை நாள்களில் எங்கே போவதென்றே தெரியாது. வருவதற்கு முன் அவ்வளவு அன்பு, வந்த பிறகு ஒன்றுமில்லை என்றால், முதலில் காட்டியது என்ன? வெளியில் நிற்பவன் அம்மாவுக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒன்றுதான். அவர் வேண்டாம் என்றார், நான் சரி என்றேன். இரண்டு பேரிடமும் வருவதை நிறுத்தினார்கள்.

மலைமேல் விளக்கு:

சகோதரி, இதைப் படித்து மனம் வலிக்கிறது. எங்கள் சபையிலும் இது நடக்கிறது, நானே செய்திருக்கிறேன். புதியவர்களைத் தேடிப் போகிற வேகத்தில் போன வருடம் வந்தவரின் பெயரே மறந்துவிடுகிறது.

சுவிசேஷம் சொல்லியே ஆக வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் எத்தனை பேர் என்ற கேள்வியில் பாரம் இருக்கிறது என்று முதலில் எழுதினேன். வந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால், அதில் பாரம் இல்லை, இதை ஒத்துக்கொள்கிறேன்.

பழைய ஏடு:

இந்த இடத்தில் சார்லஸ் தெ ஃபூக்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு, 1905-ல் சகாரா பாலைவனத்தில் தமன்ராசெட் என்ற இடத்துக்குத் துவாரெக் மக்களிடையே வாழப் போனார். எல்லோருக்கும் சகோதரனாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. போனவர் முதலில் கொடுப்பவராகத்தான் இருந்தார், வருகிறவர்களுக்கு உணவு, மருந்து. 1908 ஜனவரியில் கடுமையாக நோயில் விழுந்தார். வறட்சிக் காலம். தன்னிடம் இருந்ததை எல்லாம் முன்பே பங்கிட்டுக் கொடுத்துவிட்டார், கையில் ஒன்றும் இல்லை. சாகக் கிடந்தவரை அந்த முஸ்லிம் அண்டைவீட்டார்தான் காப்பாற்றினார்கள். பஞ்சத்தில் மடி வற்றிய ஆடுகளில் பால் இருந்தவற்றைச் சுற்று வட்டாரமெல்லாம் தேடிக் கறந்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் இதைத்தான் திருப்பம் என்கிறார்கள். கொடுப்பவராக வந்தவர் வாங்குபவராக ஆனார். 1916 டிசம்பர் 1-ஆம் தேதி கொல்லப்பட்டபோது அவர் காட்டுவதற்கு எண்ணிக்கை எதுவும் இல்லை. அவர் விட்டுச் சென்றவற்றில் பெரியது, வருடக்கணக்காக உட்கார்ந்து தொகுத்த துவாரெக் மொழி அகராதி. அடுத்தவர் பேச்சை அப்படிக் கேட்டிருக்கிறார்.

வெளியில் நிற்பவன்:

ஆனால் ஐயா, அவர் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளோடு நெருக்கமாக இருந்தவர் இல்லையா? அந்த நாட்டைப் பிடித்தவர்களின் ஆள் ஒருவர் அங்கே விருந்தாளி என்று சொல்ல முடியுமா?

பழைய ஏடு:

இருந்தார், காலனி ஆட்சியால் அந்த மக்களுக்கு நன்மை வரும் என்றும் நம்பினார். அதை மறைத்து அவரைப் பற்றிப் பேசக் கூடாது, நீங்கள் கேட்டது நல்லது. களப்பணி சொன்ன பலம் அவர் பின்னாலும் நின்றது. அதனால்தான் அந்தப் பால் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது, பலம் உள்ளவனின் ஆளுக்குப் பலம் இல்லாதவர்கள் கொடுத்தது.

அதே காலத்தில், 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலையும் தியாகம் செய்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கேட்டவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். கொடுக்க வந்தவர்களிடம், எங்களைச் சமமாக நடத்துங்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டார் அல்லவா.

கதவருகே:

நிறைய நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இழையை அச்செடுத்து நிர்வாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல வாக்குவாதம். நோட்டை எடுத்துவிட்டோம், அதில் இருந்த நம்பர்களை அழித்துவிட்டோம். வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறோம்: இதை நடத்துவது ஒரு கிறிஸ்தவ சபை, எங்கள் நம்பிக்கையால்தான் செய்கிறோம், சாப்பிட வருகிறவர் வேறு எதற்கும் வர வேண்டியதில்லை, எங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்க விரும்பினால் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். எண்ணிக்கை கேட்டவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் பலகையின் கடைசி வரியை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். சமையலிலும் பரிமாறுவதிலும் மற்ற மதத்தவர்களும் இருக்கட்டும் என்று இரண்டாம் வாசல் சகோதரிக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தேன், அதையும் ஆரம்பித்திருக்கிறோம்.

அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினேன். நம்பரைப் பற்றி நான் சொன்னது பொய்யாகிவிட்டது, எனக்குத் தெரியாது என்றாலும் சொன்னது என் வாய், மன்னியுங்கள் என்று. வாருங்கள் என்று எழுதவில்லை. மூன்று வாரம் பதில் இல்லை. நேற்று அவருடைய மனைவியிடமிருந்து வந்தது. சபைக்கு வர இப்போதைக்கு மனம் இல்லையாம். ஞாயிறு மாலை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று எழுதியிருக்கிறார்.

போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். அவர்கள் வீட்டில் வழிபாட்டில் படைத்ததைப் பரிமாறினால் என்ன செய்வது? பவுல் 1 கொரிந்தியர் 10-ல் அழைத்த வீட்டில் முன்னால் வைப்பதை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார், படைத்தது என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்கிறார். சொல்லிவிட்டால் மறுக்க வேண்டும், மறுத்தால் அவர்கள் முகம் வாடும்.

மலைமேல் விளக்கு:

மறுக்க வேண்டி வந்தால் அன்போடு சொல்லி மறுங்கள். மற்றதை நிறையச் சாப்பிடுங்கள். ஞாயிறு மாலை உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

பிறைக்கீற்று:

அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் சகோதரி. எனக்கு என் உணவு விதிகள் உண்டு, நான் எல்லா வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மறைத்து வைத்துவிட்டுச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து தயங்கினால்தான் கஷ்டம்.

வெளியில் நிற்பவன்:

எங்கள் வீட்டில் என்றால், படைப்பதற்கு முன்பே உங்களுக்குத் தனியாக எடுத்து வைத்திருப்பார் அம்மா. போன் செய்து கேளுங்கள்.

கதவருகே:

இப்போதுதான் பேசினேன். என்ன சாப்பிடுவீர்கள் என்று அவர்களே முதலில் கேட்டுவிட்டார்கள்.